பாடம் செய்த பறவையும் வெளுக்காத நீலமும்

திருச்சி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் உள்ள இராணி மங்கம்மாள் மண்டபத்தில் 1983-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. சிலைகளை நிதானமாகப் பார்ப்பவர்கள்கூட, பாடம் செய்த உயிரினங்களை அரைப் பார்வையோடு கடந்துவிடுவதுண்டு. மாணவ நண்பர்களே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே உங்களுக்கு ஒரு பௌதிகப் பாடமும் இருக்கிறது.

பாடம் செய்த பறவையில் மெய்யானது எவ்வளவு? தோல், இறகு, அலகு, கால்கள், சில எலும்புகள். உள்ளே இருப்பது பஞ்சோ சணலோதான். கண்கள் கண்ணாடி. மைசூரில் ஏறக்குறைய 1900 முதல் நூற்றாண்டின் இறுதிவரை நடந்த வான் இன்கன் குடும்பத்தாரின் பட்டறையில், காகிதக் கூழால் செய்த உருவத்தின் மேல் புலித்தோலைப் போர்த்தினார்கள். புலியும் சிறுத்தையுமாக 43,000க்கு மேல் அங்கே உருவாயின என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தப் புலிகளின் சீற்றமெல்லாம் தொழிலாளியின் கைவண்ணமே! (பூச்சி அரிக்காமலிருக்க அந்நாளில் தோலில் ஆர்சனிக் கலந்த சோப்பைப் பூசுவது வழக்கம். எனவே, பழைய பாடங்களைத் தொடவே கூடாது.)

இனி நிறத்துக்கு வருவோம். மாங்குயிலின் மஞ்சள், கரோட்டினாய்டு என்னும் நிறமியால் ஆனது. பல்லாண்டு வெளிச்சம் பட்டால், முக்கியமாகப் புற ஊதாக் கதிர் பட்டால், அந்த மூலக்கூறுகள் சிதைந்து மஞ்சள் வெளுத்துப்போகும். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையில் மீனுக்குக் காத்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியைப் பாருங்கள். அதன் சிறகில் நீல நிறமியே கிடையாது. இறகின் கெராட்டினுக்குள் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றில் பட்டுச் சிதறும் ஒளியில் நீலம் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு நம் கண்ணுக்கு வருகிறது. அமைப்பு குலையாதவரை நீலமும் குலையாது. ஆகவே அந்தப் பறவையைப் பாடம் செய்து வைத்தாலும், மாங்குயில் வெளுத்த பிறகும் அதன் நீலம் நிற்கும்.

மயிலிறகிலும் இதே கதைதான், வேறு கட்டடத்தோடு. அங்கே நுண்ணிய மெலனின் கோல்கள் சதுர வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2003-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கோல்களின் இடைவெளி சுமார் 140 நானோமீட்டரானால் நீலம், 150 ஆனால் பச்சை, 165 ஆனால் மஞ்சள். பத்து நானோமீட்டர் வித்தியாசத்தில் நிறமே மாறிவிடுகிறது!

திருச்சிக்கு அருகே விராலிமலையில் மயில்கள் ஏராளம். தானாக உதிர்ந்த இறகு ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால், முதலில் வெளிச்சம் அதன் மேல் விழும்படி பிடித்துப் பாருங்கள், கண்ணைப் பறிக்கும். பிறகு உங்களுக்கும் சன்னலுக்கும் நடுவே பிடித்து, ஊடுருவி வரும் ஒளியில் பாருங்கள். நீலமும் பச்சையும் மறைந்து, மெலனினின் மங்கிய பழுப்பு மட்டுமே தெரியும்.