முகத்துத் துளைகளோடு சண்டை வேண்டாம்

செல்போன் கேமராவை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு, மூக்கோரத்திலும் கன்னத்திலும் தெரியும் துளைகள் பலருக்குத் தீராத மனக்கஷ்டமாகிவிட்டன. பிளஸ் டூ படிக்கும் பெண் யார் எதைச் சொன்னாலும் முகத்தில் பூசிப் பார்க்கிறாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் சம்பளத்தில் மூன்று சீரம் வரவழைக்கிறான். ‘துளைகளை மூடும்’ என்று பாட்டிலின் மேல் அச்சடித்திருக்கிறது. துளையை மூடும் க்ரீம் எதுவும் உலகத்தில் இல்லை. ஆனால் துளை கண்ணில் படும் அளவை நிச்சயம் குறைக்கலாம். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

துளைக்குள் இருப்பது என்ன?

முகத்தில் தெரியும் ஒவ்வொரு துளையும் ஒரு ரோமக்காலின் வாய். உள்ளே மிக மெல்லிய ரோமம் ஒன்றும், அதை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பியும் இருக்கின்றன. சுரப்பியில் ஊறும் சீபம் என்னும் எண்ணெய்ப் பசை இந்த வாய் வழியாக மேலே வந்து தோலில் படர்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுரப்பிகள் கிடையாது. முகத்திலோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கின்றன. மூக்கிலும் அதை ஒட்டிய கன்னத்திலும் நெற்றியிலும் அவை பருமனாக இருப்பதால் துளைகளும் அங்கேதான் முதலில் கண்ணில் படும்.

இவை தாயின் வயிற்றிலேயே உருவானவை. பிறந்த பிறகு புதிதாகத் தோன்றுவதில்லை. பூப்பெய்தும் பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது சுரப்பிகள் பருத்து அதிக எண்ணெய் சுரக்கின்றன. பத்து வயதில் மழமழவென்று இருந்த கன்னம் பதினாறு வயதில் சொரசொரப்பாகத் தெரிய இதுதான் காரணம்.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள்தான் துளையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வயதும் வெயிலும் அந்த இழைகளைச் சிதைக்கும்போது ஓரம் தளர்ந்து, வட்டமாக இருந்த துளை நீண்டு தொங்குகிறது. நாற்பதைத் தாண்டியவர்களின் கன்னத்தில் இதைப் பார்க்கலாம். பரம்பரைக்கும் பங்கு உண்டு. அப்பாவுக்கு இப்படி இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். அதில் யாருடைய தவறும் இல்லை, முகம் சரியாகக் கழுவவில்லை என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயமும் இல்லை.

ரோமத்தைச் சிலிர்க்க வைக்கும் குட்டித் தசை தோலுக்குள் உண்டு. ஆனால் துளையைத் திறந்து மூடுவதற்கு என்று எந்தத் தசையும் இல்லை. ஆவி பிடித்தால் உள்ளே உறைந்த எண்ணெய் கொஞ்சம் இளகும். ஐஸ் கட்டி தேய்த்தால் சில நிமிடம் முகம் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். அதற்கு மேல் இரண்டுக்கும் சக்தி கிடையாது.

கரும்புள்ளி என்று பிதுக்குவது

மூக்கை அழுத்தினால் வெண்மஞ்சள் நிறத்தில் மெல்லிய இழை ஒன்று வெளியே வரும். இதைக் கரும்புள்ளி என்று நினைத்து வாரா வாரம் பிதுக்குகிறவர்கள் நிறைய. உண்மையில் அது எண்ணெயும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்த இயல்பான இழை. எண்ணெய் மேலே ஏறி வருவதே அதன் வழியாகத்தான். எடுத்தாலும் சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும். மூக்கில் ஒட்டிப் பிய்க்கும் பட்டைகள் இதன் நுனியைத்தான் பிடுங்குகின்றன.

அசல் கரும்புள்ளி வேறு. துளையின் வாய் அடைத்து, அந்த அடைப்பு காற்றுப் பட்டுக் கறுத்திருக்கும். அது அழுக்கு இல்லை. அதனால் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. நகத்தால் பிதுக்கினால் அடைப்பு உள்ளுக்குள்ளேயே உடைந்து பருவாக வீங்கும், வீங்கிய இடத்தில் கருந்தழும்பு விழும். நம் மாநிறத் தோலில் அந்தத் தழும்பு மறையப் பல மாதங்கள் ஆகும். துளையைவிட அந்தத் தழும்புதான் கடைசியில் அதிகம் தெரியும்.

எலுமிச்சை முதல் ஸ்டீராய்டு வரை

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது. அதன் பிஹெச் அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாறு 2க்கு அருகில் இருக்கும், சமையல் சோடா 8க்கு மேல். இரண்டுமே தோலின் பாதுகாப்பு அடுக்கை அரிக்கும். எலுமிச்சை பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தீக்காயம் பட்டதுபோல் கொப்புளமே கிளம்பும். பற்பசையும் வேண்டாம், சர்க்கரை போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். பாசிப்பயறு மாவைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நைசாக அரைத்ததை மென்மையாகப் பூசிக் கழுவினால் மேலோட்டமான எண்ணெய் போகும். கரகரப்பான மாவை அழுத்தித் தேய்ப்பதுதான் கெடுதல்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. “முகம் பளிச்சென்று ஆக ஏதாவது க்ரீம் கொடுங்கள்” என்று கேட்டால், மருந்துச் சீட்டு இல்லாமலே ஒரு ட்யூப் கைக்கு வந்துவிடுகிறது. அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கலாம். முதல் இரண்டு வாரம் முகம் அசந்துபோகும் அளவுக்குத் தெளியும். துளைகூடச் சிறுத்ததுபோல் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு போகும். அதன் பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பி, சிலருக்குக் கன்னத்தில் முடியும் வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது; அந்த எரிச்சலுக்குப் பயந்தே திரும்பவும் பூசுகிறார்கள். இப்படிப் பாழான முகங்கள் பெருகியதால்தான் 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தும் கவுன்ட்டரில் கேட்பவர்கள் குறையவில்லை. தயவுசெய்து அந்த ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். உங்கள் பெண் பிள்ளைகள் என்ன பூசுகிறார்கள் என்றும் பாருங்கள்.

எதைப் பூசலாம்?

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை முகம் கழுவினால் போதும். வியர்த்து வழிந்தால் இன்னொரு முறை வெறும் தண்ணீர். காரத்தன்மை உள்ள சோப்புக்குப் பதில் மிதமான ஃபேஸ்வாஷ் நல்லது. கழுவிய பின் முகம் இழுத்துப் பிடித்தால் அது சுத்தம் இல்லை, வறட்சி. எண்ணெய்ச் சருமக்காரர்களுக்கும் பிசுபிசுப்பு இல்லாத ஜெல் வகை மாய்ஸ்சரைசர் தேவை.

மருந்து வகையில் முதலில் சொல்ல வேண்டியது சாலிசிலிக் அமிலம். இது எண்ணெயில் கரையும். அதனால் துளைக்குள் இறங்கி அங்கே ஒட்டிக்கிடக்கும் அடைப்பை இளக்கும். 0.5 முதல் 2 சதவீதம் வரை உள்ளதை வாரத்தில் இரண்டு மூன்று இரவுகளில் தொடங்கலாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. எரிச்சல் தாங்காதவர்களுக்கு நியாசினமைடு உண்டு. இது வைட்டமின் பி3யின் ஒரு வடிவம். 2 முதல் 5 சதவீதம் உள்ளது போதும், எண்ணெய்ச் சுரப்பைக் கொஞ்சம் தணிக்கும். 10, 20 என்று சதவீதம் ஏற ஏறப் பலன் ஏறுவதில்லை, எரிச்சல்தான் ஏறும்.

உண்மையில் துளையின் ஓரத்தை இறுக்குவது ரெட்டினாய்டு வகை. அடபலீன், ட்ரெடினாயின் இரண்டும் இதில் சேரும். இவை அடைப்பு உருவாகாமல் தடுப்பதோடு, மெல்ல மெல்லக் கொலாஜனையும் கூட்டுகின்றன. ஒரு பட்டாணி அளவு எடுத்து, இரவில், காய்ந்த முகத்தில் பூச வேண்டும். முதலில் வாரம் இரண்டு நாள். தோல் பழகிய பின் கூட்டலாம். ஆரம்ப வாரங்களில் தோல் உரியும், கொஞ்சம் பருவும் வரலாம். அந்தக் கட்டத்தில்தான் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூன்று மாதம் பொறுத்தால்தான் மாற்றம் தெரியும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு பூசவே கூடாது. மற்றவர்களும் தோல் மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பூச வேண்டாம். ஒன்றைத் தொடங்கி ஒரு மாதம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு தூங்கும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் கூந்தலுக்கு நல்லது. ஆனால் அது நெற்றியில் இறங்கி இரவெல்லாம் இருந்தால் துளைகளை அடைக்கும். தலைமுடியைச் சீவிக் கட்டி, தலையணை உறையை அடிக்கடி மாற்றினாலே சிலருக்கு நெற்றி தெளிந்துவிடும்.

வெயில்

நம் ஊரில் வெயிலைத் தடுப்பதுதான் பாதி வைத்தியம். கொலாஜனைச் சிதைப்பதில் யுவிஏ என்னும் புறஊதாக் கதிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவி வரும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, யுவிஏவையும் தடுக்கும் சன்ஸ்க்ரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கப் பூச வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கருத்த தோலுக்கு இது தேவையில்லை என்ற எண்ணம் தவறு. பருத்தழும்பு கறுப்பாகத் தங்குவதும் மங்கு படர்வதும் மாநிறக்காரர்களுக்குத்தான் அதிகம், அதற்கும் வெயில்தான் தூபம் போடுகிறது. பைக்கில் போகிறவர்கள் துப்பட்டாவும் கட்டிக்கொள்ளலாம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

கன்னத்தில் ஊசியால் குத்தியதுபோல் ஆழமாக இருப்பவை துளைகளாக இல்லாமல், பழைய பருக்களின் வடுவாக இருக்கலாம். அவற்றுக்கு எந்தச் சீரமும் வேலை செய்யாது. மைக்ரோநீட்லிங், லேசர் போன்ற சிகிச்சைகள் உண்டு. மாநிறத் தோலில் லேசரின் ஆற்றல் கொஞ்சம் கூடினாலும் முகம் கறுத்துவிடும். எனவே இதைப் பார்லரில் செய்துகொள்ள வேண்டாம். தோல் மருத்துவரே செய்ய வேண்டும். நம் நிறத் தோல் உள்ள எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

எண்ணெய் வழியும் முகத்தோடு மாதவிலக்கு தவறுவது, தாடையில் முடி வளர்வது, திடீரென எடை கூடுவது ஆகியவையும் இருந்தால் பிசிஓஎஸ் என்னும் ஹார்மோன் கோளாறுக்கான பரிசோதனை தேவை. அப்போது முகத்துக்குப் பூசுவது மட்டும் போதாது.

தனியார் க்ளினிக் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை பூசிய க்ரீம், சீரம், ட்யூபின் அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு எதிலாவது இருந்தால் மருத்துவர் அதைப் படிப்படியாக நிறுத்தும் வழியை முதலில் சொல்வார். துளைகளுக்கான சிகிச்சை அதற்குப் பிறகுதான்.