வைக்கோல் போர் மாற்றிய வாழ்க்கை... வெயிலை வரைந்த ரஷ்ய ஓவியர்கள்!

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகள் என்ன நிறம்?

கேட்டவுடன் ‘சாம்பல்’ என்றுதான் பலரும் சொல்வோம். ஆனால், விடியற்காலையில் திருவண்ணாமலை பஸ்ஸில் போகிறவர் பார்ப்பது இளஞ்சிவப்பு மலை. உச்சி வெயிலில் அதே பாறை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துக் கிடக்கும். சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் செங்கல் நிறம். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தால் கருநீலம். பாறை அதேதான். மாறுவது அதன்மேல் விழும் வெளிச்சம்.

‘அப்படியானால், ஓவியன் எதை வரைய வேண்டும்? பாறையையா, வெளிச்சத்தையா?’

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸில் சில இளைஞர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். ‘வெளிச்சத்தைத்தான்’ என்று பதிலும் சொன்னார்கள். அந்தப் பதில் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடந்தவை ஒரு நாவலுக்கு உரியவை. ஒரு சட்ட ஆசிரியர் வேலையை உதறினார். ஒருவர் பனியில் பள்ளம் தோண்டி அதற்குள் இறங்கி நின்றார். ஒரு மியூசியத்தையே இழுத்து மூடினார்கள்.

கிண்டலில் பிறந்த பெயர்

1874-ல் பாரிஸில், புகைப்படக் கலைஞர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் ஒரு கண்காட்சி நடந்தது. அதில் கிளாட் மோனே வைத்திருந்த படத்தின் பெயர், ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’. துறைமுகத்துப் பனிமூட்டம், அதில் ஆரஞ்சு நிறப் பொட்டுபோல ஒரு சூரியன், அவ்வளவுதான். ‘இது படமா, வெறும் மனப்பதிவா?’ என்று லூயி லெராய் என்ற பத்திரிகை விமர்சகர் கிண்டலடித்தார். அந்தக் கிண்டலே ‘இம்ப்ரெஷனிசம்’ என்று பெயராக நிலைத்துவிட்டது. தமிழில் இதை மனப்பதிவு ஓவியம் என்கிறார்கள்.

இதற்கு வழி திறந்துவிட்டது ஒரு சின்ன டியூப். அதற்கு முன், ஓவியர்கள் வண்ணப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். 1841-ல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்கர், மடக்கிப் பிதுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். பற்பசைபோல வண்ணத்தை மூடி போட்டுப் பையில் எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குப் போக முடிந்தது. வெளியே போனவர்கள்தான் கண்டுபிடித்தார்கள், நிழல் கறுப்பு இல்லை என்பதை. பனிமேல் விழும் நிழல் நீலம். புல்மேல் விழும் நிழலில் ஊதா இருக்கிறது. வெளிச்சம் ஓடிக்கொண்டே இருப்பதால் பிரஷும் ஓட வேண்டும். அதனால்தான் இந்த ஓவியங்களில் கோடுகள் இல்லாமல் வண்ணத் தீற்றல்களாக இருக்கும். கிட்டே போனால் குழப்பம், நாலடி தள்ளி நின்றால் உயிர்.

வைக்கோல் போர் முன் நின்ற வாத்தியார்

செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் அறுவடை முடிந்த நாள்களில் போனால், களத்துமேட்டில் வைக்கோல் போர் நிற்கும். யாரும் நின்று பார்க்க மாட்டோம். மோனே பார்த்தார். தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற கதிர்ப் போர்களை 1890-91-ல் காலை, மாலை, பனி, வெயில் என்று திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரே பொருள், இருபதுக்கும் மேற்பட்ட படங்கள்.

அவற்றில் ஒன்று 1896-ல் மாஸ்கோவில் நடந்த கண்காட்சிக்கு வந்தது. அதைப் பார்க்கப் போனார் முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சட்ட ஆசிரியர். படத்தில் இருப்பது என்னவென்றே அவருக்குப் புரியவில்லை. கையிலிருந்த பட்டியலைப் பார்த்த பிறகுதான், அது வைக்கோல் போர் என்று தெரிந்தது. முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, அந்தப் படம் மனதைவிட்டுப் போகவே இல்லை. பொருள் என்னவென்று தெரியாமலே வண்ணம் மட்டும் ஒரு மனிதனை உலுக்க முடியுமா?

பல்கலைக்கழகத்தில் கிடைத்த பேராசிரியர் வேலையை மறுத்துவிட்டு, ஓவியம் படிக்க ஜெர்மனியின் மியூனிக் நகருக்குக் கிளம்பினார் அவர். பெயர், வாசிலி கான்டின்ஸ்கி. பிற்காலத்தில் உலகின் அரூப ஓவியத்துக்கே முன்னோடியானவர். இந்தக் கதையை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

பீச் பழமும் பனிப்பள்ளமும்

பிரான்ஸிலிருந்து செய்தி வரும் முன்பே ரஷ்யாவில் சிலர் தாமாக இந்த வழியில் வந்துவிட்டார்கள். மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த கான்ஸ்டான்டின் கொரோவின் 1883-ல் ஒரு பாடகிப் பெண்ணை இலைப் பச்சைப் பின்னணியில் வேகமான தீற்றல்களாக வரைந்தார். ‘பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட்டுகளைத் தெரியுமா?’ என்று ஆசிரியர் பொலேனோவ் கேட்க, ‘கேள்விப்பட்டதே இல்லை’ என்றாராம் மாணவர்.

அவருடைய நெருங்கிய நண்பர் வாலன்டின் செரோவ். 1887-ல், 22 வயதில், ரயில்வே தொழிலதிபர் மாமொன்டோவின் அப்ராம்ட்செவோ கிராமத்து வீட்டில், அவருடைய 11 வயது மகள் வேராவை மேஜை முன் உட்கார வைத்து வரைந்தார். மேஜையில் சில பீச் பழங்கள், பின்னால் ஜன்னல், வெளிச்சம். ‘பீச் பழங்களுடன் ஒரு சிறுமி’ என்ற அந்தப் படம் இன்று ரஷ்யக் குழந்தைகளின் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. பார்த்தால் ஒரு நொடியில் பிடித்ததுபோல இருக்கும். உண்மையில் அந்த ஓடியாடும் வயதுப் பெண் ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார வேண்டியிருந்தது! அந்த முதல் நொடியின் புத்துணர்ச்சி கடைசிவரை வாடக் கூடாது என்பதுதான் செரோவின் பிடிவாதம். வேரா பெரியவளாகி, மூன்று குழந்தைகளுக்குத் தாயாகி, 32 வயதில் நிமோனியாவில் இறந்துபோனார். படத்தில் மட்டும் அவருக்கு இன்னமும் 11 வயதுதான்.

இன்னொருவர், ஈகோர் கிராபார். 1904 பிப்ரவரியில் பனி மூடிய காட்டில் நடந்தபோது, கைத்தடி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், அப்படியே தலையைத் திருப்பி மேலே பார்த்தார். ஒரு பிர்ச் மரம். அதன் வெள்ளைக் கிளைகளுக்குப் பின்னால் நீலத்திலும் நீலமான வானம். நிமிர்ந்து நின்று பார்த்தால் அந்த அழகு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? உறைபனியில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஆழமாகப் பள்ளம் தோண்டி, உள்ளே இறங்கி, நீல வண்ணம் பூசிய குடையைப் பிடித்துக்கொண்டு, நாள்கணக்கில் நின்று வரைந்தார். ‘பிப்ரவரி நீலம்’ என்ற அந்தப் படம் மாஸ்கோவின் ட்ரெட்யகோவ் கேலரியில் இருக்கிறது.

திட்டு வார்த்தையான ‘இம்ப்ரெஷனிஸ்ட்’

இதே காலத்தில் செர்கே ஷுகின், இவான் மொரோசோவ் என்ற இரண்டு மாஸ்கோ ஜவுளி வியாபாரிகள் பாரிஸுக்குப் போய் மோனே, ரெனுவா, செசான், மத்தீஸ் என்று வாங்கிக் குவித்தார்கள். பிரான்ஸிலேயே பலர் சீந்தாத படங்கள் அவை. ஷுகின் தன் வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1917 புரட்சிக்குப் பிறகு இரண்டு சேகரிப்புகளும் அரசுடைமையாகின. அவை ஒன்றாகி, ‘புதிய மேற்கத்தியக் கலை மியூசியம்’ ஆனது. ஷுகின் வெளிநாடு போய் பாரிஸில் இறந்தார். 1920-களில் நாட்டைவிட்டுப் போன கொரோவினும் 1939-ல் பாரிஸிலேயே கண்மூடினார்.

1934-ல் ‘சோஷலிச யதார்த்தவாதம்’ சோவியத் கலையின் அதிகாரபூர்வக் கொள்கையாக அறிவிக்கப்பட்டது. தொழிலாளி, விவசாயி, தலைவர்... இவர்களை எல்லோருக்கும் புரியும்படி, நம்பிக்கை ஊட்டும்படி வரைய வேண்டும். இலைமேல் விழும் வெயிலை வரைவதில் என்ன கருத்து இருக்கிறது? போகப்போக, ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்பதே ஓவியனைத் திட்டும் வார்த்தையானது. 1948 மார்ச்சில் ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணையால் அந்த மியூசியமே மூடப்பட்டது. படங்கள் மாஸ்கோவின் புஷ்கின் மியூசியத்துக்கும், லெனின்கிராடின் ஹெர்மிடேஜுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1953-ல் ஸ்டாலின் இறந்த பிறகுதான் அவை மெல்ல மெல்லச் சுவருக்குத் திரும்பின.

இந்த நேரத்தில் சோவியத் கலை அகாடமியின் தலைவராக இருந்தவர் அலெக்சாண்டர் கெராசிமோவ். ஸ்டாலினைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். இம்ப்ரெஷனிசத்தைக் கடுமையாகத் தாக்கியவர். ஆனால், இளமையில் அவர் யாரிடம் பாடம் கேட்டார் தெரியுமா? அதே கொரோவினிடம்!

குரு கற்றுக்கொடுத்தது எங்கே போகும்? 1935-ல் சொந்த ஊர் வீட்டில் குடும்பத்தினரை உட்கார வைத்து வரைந்துகொண்டிருந்தார் கெராசிமோவ். திடீரென்று பேய்மழை. மழை விட்டதும் பார்த்தால், நனைந்த தாழ்வாரத்தின் பலகைகள் கண்ணாடியாக மின்னுகின்றன. மேஜையில் பூக்கள், பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு தம்ளர், பின்னால் கழுவிவிட்டதுபோல தோட்டம். குடும்பப் படத்தை அப்படியே போட்டுவிட்டு, சுமார் மூன்று மணி நேரத்தில் அந்த ஈரத்தை வரைந்து முடித்தாராம். ‘மழைக்குப் பின், நனைந்த தாழ்வாரம்’. தலைவரும் இல்லை, கொடியும் இல்லை. மழை மட்டும்தான். அவர் வரைந்த எத்தனையோ பிரமாண்டப் படங்களைப் பின்னுக்குத் தள்ளி, மக்கள் மனதில் நின்றது அதுதான்.

1937-ல் யூரி பிமெனோவ் வரைந்த ‘புதிய மாஸ்கோ’வும் இப்படித்தான். திறந்த காரை ஒரு பெண் ஓட்டிப் போகிறாள். நமக்கு அவளுடைய முதுகுதான் தெரிகிறது. எதிரே மழையில் மினுங்கும் சாலை, புத்தம்புதுக் கட்டடங்கள். பெயரும் பொருளும் அரசுக்குப் பிடித்தவை. தீற்றல்கள் முழுக்க முழுக்க பாரிஸ். ஆயிரக்கணக்கானோர் இரவோடு இரவாகக் கைதான ஆண்டு அது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்த வெளிச்சம் நெஞ்சைப் பிசையும்.

பெங்களூரு வரை வந்த வெளிச்சம்

இந்த வெளிச்சத்தின் ஒரு கீற்று நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. ஆர்கிப் குயின்ஜி என்ற ஓவியர் 1880-ல் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே ஒரு படத்தை வைத்துக் கண்காட்சி நடத்தினார். ‘த்னீப்பர் நதியில் நிலா இரவு’. கூட்டம் அலைமோதியது. நிலா அப்படி ஒளிர்ந்ததால், படத்துக்குப் பின்னால் விளக்கு வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்களாம். அவருடைய மாணவர்தான் இமயமலையை வரைந்து, குலு பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்து மறைந்த நிக்கோலஸ் ரோரிக். அவருடைய மகன் ஸ்வெதஸ்லாவ் ரோரிக், 1945-ல் நடிகை தேவிகா ராணியை மணந்து பெங்களூரு அருகே குடியேறினார். இவர்கள் நேரடி இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் இல்லை என்றாலும், வெளிச்சத்தைக் கொண்டாடிய ரஷ்ய மரபில் வந்தவர்கள். பெங்களூரு போகிறவர்கள் கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் அப்பா, மகன் இருவரின் படங்களையும் பார்க்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ‘சோவியத் நாடு’ இதழைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வழவழ தாளில் தமிழிலேயே வந்த அந்த இதழும், மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையம் மூலம் மலிவு விலையில் கிடைத்த புத்தகங்களும்தான் பிர்ச் மரத்தையும் பனியையும் நம் ஊர்களுக்குக் கொண்டுவந்தன. பலருக்கு இதழின் தாள் பள்ளி நோட்டுக்கு அட்டையாகவும் பயன்பட்டது!

உங்கள் போனில் ஒரு மோனே

இந்த ஓவியங்களைப் பார்க்க மாஸ்கோ போக வேண்டியதில்லை. பெரிய மியூசியங்கள் பலவும் தங்கள் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒருகாலத்தில் திட்டு வார்த்தையாக இருந்ததன் பெயரிலேயே, மாஸ்கோவின் பழைய ‘போல்ஷெவிக்’ மிட்டாய்த் தொழிற்சாலை வளாகத்தில் 2016-ல் ‘ரஷ்ய இம்ப்ரெஷனிச மியூசியம்’ திறக்கப்பட்டுவிட்டது. காலம் செய்யும் வேடிக்கை!

பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறைப் பயிற்சி. உங்கள் ஊரில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். செஞ்சிக்காரர்களுக்கு ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் இருக்கின்றன. மற்றவர்களுக்கு ஒரு வேப்பமரமோ, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியோ போதும். ஒரே இடத்தில் நின்று காலை 6.30, மதியம் 12, மாலை 5.30 என மூன்று படங்கள் எடுங்கள். ஃபில்டர் வேண்டாம். மூன்றையும் பக்கத்தில் வைத்து, நிழல் என்ன நிறம் என்று மட்டும் பாருங்கள். பிறகு வண்ணப்பெட்டியைத் திறக்கலாம், கறுப்பைத் தொடாமல்.

கடைசியாக ஒரு படம். ஆர்க்கடி பிளாஸ்டோவ் என்ற கிராமத்து ஓவியர் 1945-ல் வரைந்த ‘புல் அறுப்பு’. போர் முடிந்த கோடை. மார்பளவு உயர்ந்த புல்வெளி, பூக்கள், பிர்ச் மரங்கள், கண்ணைப் பறிக்கும் வெயில். அரிவாளோடு நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு சிறுவன், ஒரு பெண், வயதானவர்கள். புல் அறுக்க வேண்டிய வயதில் இருந்த ஆண்களைக் காணோம். அவர்களில் எத்தனையோ பேர் போர்முனையிலிருந்து திரும்பவே இல்லை.

இவ்வளவு வெயிலில், இல்லாதவர்களையும் வரைய முடியும் என்று அந்தப் படம் காட்டுகிறது. இலைமேல் விழும் வெளிச்சத்தில் என்ன கருத்து இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, இதைவிட நல்ல பதில் கிடையாது.