ஒரே ஒரு போன் செய்திருந்தால்...

கனடாவின் எட்மன்டன் நகரில் இருக்கிறது மெக்யூவன் பல்கலைக்கழகம். 2017 ஆகஸ்ட் 23 அன்று, அங்கே கட்டட வேலை பார்த்துவந்த ஒரு நிறுவனத்திடமிருந்து விசாரிப்பு வந்தது. 'எங்களுக்கு வரவேண்டிய பணம் ஏன் இன்னும் வரவில்லை?'

கணக்குப் பிரிவில் ஒரே குழப்பம். பணத்தைத்தான் அனுப்பியாகிவிட்டதே! அதுவும் மூன்று தவணைகளில். ஆகஸ்ட் 10-ம் தேதி 19 லட்சம் கனடா டாலர், 17-ம் தேதி 22 ஆயிரம், 19-ம் தேதி 99 லட்சம். மொத்தம் 1 கோடியே 18 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 60 கோடி ரூபாய். போய்ச் சேர்ந்த கணக்குதான் அந்த நிறுவனத்துடையது அல்ல.

யாரும் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களுக்குள் புகவில்லை. வைரஸ் இல்லை, பாஸ்வேர்டு திருட்டு இல்லை. ஜூன் மாதக் கடைசியிலிருந்து சில மெயில்கள் வந்தன, அவ்வளவுதான். கட்டுமான நிறுவனத்தின் ஊழியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று பணிவாகக் கேட்டார். லோகோ அசலைப் போலவே இருந்தது. கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் மாற்றிக்கொடுத்தார்கள். விசாரித்தபோது, அந்தப் பகுதியின் 14 கட்டுமான நிறுவனங்களின் பெயரில் போலி இணையதளங்கள் தயாராக இருந்தது தெரியவந்தது. இந்த ஊழியர்கள் இல்லாவிட்டால் வேறு யாராவது சிக்கியிருப்பார்கள்!

மோசடியில் ஊழியர்களுக்குப் பங்கில்லை, மனிதத் தவறுதான் என்றது பல்கலைக்கழகம். ஏற்கெனவே கையில் இருந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டு, 'கணக்கை மாற்றச் சொன்னீர்களா?' என்று யாரும் கேட்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. கேட்டே ஆகவேண்டும் என்ற விதியை வைக்காதது நிர்வாகம்தானே.

நல்லவேளை, விவரம் தெரிந்ததும் வங்கி, போலீஸ் என்று உடனே ஓடினார்கள். மான்ட்ரியல், ஹாங்காங் கணக்குகளில் பெரும்பகுதிப் பணம் முடக்கப்பட்டது. 2018 ஏப்ரல் வாக்கில் 1 கோடியே 9 லட்சம் டாலர் திரும்பக் கிடைத்தது. இப்படித் திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

பல்கலைக்கழகங்களைக் குறிவைப்பது எளிது. எந்தக் கட்டடத்தை யார் கட்டுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். யார் எந்தப் பதவியில் இருக்கிறார், அவருடைய மெயில் முகவரி என்ன என்பதெல்லாம் இணையதளத்திலேயே கிடைக்கும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் புதிய மாணவர்கள் வேறு வருகிறார்கள்.

அந்த மாணவர்களுக்கென்றே தனி வலை உண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2017 ஜனவரியில் இதுபற்றி எச்சரித்தது. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய பகுதிநேர வேலை என்று மெயில் வரும். ஒரு காசோலையும் வரும். 'வங்கியில் போட்டு, உன் சம்பளத்தை எடுத்துக்கொண்டு மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்பு' என்பார்கள். அங்கே காசோலை பாஸாகும் முன்பே பணத்தை எடுக்க வங்கிகள் அனுமதிப்பதுண்டு. மாணவர் அனுப்பிய சில நாள்களில் காசோலை போலி என்று திரும்பும். மொத்தக் கடனும் மாணவர் தலையில்! வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் இதை அவசியம் சொல்லிவைக்கலாம்.

பாஸ்வேர்டைக் குறிவைக்கும் மெயில்கள் வேறு ரகம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2018 நவம்பரில் ஒரு மூத்த அலுவலருக்கு வந்த மெயிலை யாரும் கிளிக்கூடச் செய்யவில்லை. முன்னோட்டமாகத் திரையில் தெரிந்ததே போதும், லாகின் விவரம் பறிபோனது. அதை வைத்து, 19 ஆண்டு காலத்து ஊழியர், மாணவர் தகவல்கள் இருந்த இடம்வரை போய்விட்டார்கள். தகவல் திருட்டு தெரியவந்தது 2019 மே மாதத்தில்தான். அப்போது துணைவேந்தராக இருந்த பிரையன் ஷ்மிட், இயற்பியலில் நோபல் பரிசு பெற்றவர். நடந்ததை மூடி மறைக்காமல், அதே ஆண்டு அக்டோபரில் முழு அறிக்கையாகவே வெளியிட்டது அவருடைய நிர்வாகம். மற்றவர்கள் பாடம் படிக்க அது பெரிய உதவி.

செல்போனில் மெயில் பார்க்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். சின்னத் திரையில் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் உண்மையான முகவரி விரியும். அதையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிவைத்தால் கண் ஏமாந்துபோகும். 'ஓ'வுக்குப் பதில் பூஜ்யம் வைப்பதும் பழைய தந்திரம்.

கல்லூரி மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு போனாலும் கள்ளன் அடுத்த கதவில் நிற்பான். ஆனால், அந்த ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கிக்கொள்ளும் போலிப் பக்கங்கள் உண்டு. அதனால் மெயிலில் வந்த லிங்க் வழியாக லாகின் செய்யாமல், முகவரியை நீங்களே டைப் செய்து போவது நல்லது.

தவறுதலாகப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், திட்டுவார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். உடனே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பிரிவில் சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அந்த நிமிடமே பேசுங்கள். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டால், பணம் அதற்குள் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.