பம்பாயில் பிறந்தவர், 22 பட்டம் வென்றவர்... தெரியுமா?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் 45 சீசன், 934 வெற்றி, 22 தேசியப் பட்டம்! இத்தனைக்கும் சொந்தக்காரரான கோச் எங்கே பிறந்தார் தெரியுமா? பம்பாயில்! எண்ணெய் கம்பெனி அதிகாரி ஒருவரின் மகனாக 1951 ஏப்ரலில் பிறந்தார் ஆன்சன் டோரன்ஸ். அப்பாவுக்கு மாற்றல் மேல் மாற்றல். கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து என்று நாடு நாடாக வளர்ந்தான் பையன். குடும்பம் பம்பாயிலேயே தங்கியிருந்தால் கையில் கிரிக்கெட் மட்டை ஏறியிருக்கும், சந்தேகமே இல்லை!

கல்லூரிக்கு வந்து சேர்ந்த இடம் சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம். மைக்கேல் ஜோர்டான் பின்னாளில் கூடைப்பந்து ஆடிய அதே இடம்தான். அங்கே டோரன்ஸ் படித்தது என்ன தெரியுமா? ஆங்கில இலக்கியமும் தத்துவமும்! 1977இல் ஆண்கள் அணியின் கோச் ஆனார். வக்கீலாகிவிடலாம் என்று சட்டக் கல்லூரிக்கும் போய்வந்தார். 1979இல் புதிதாகத் தொடங்கிய பெண்கள் அணியையும் நிர்வாகம் அவர் தலையிலேயே கட்டியது. சட்டப் படிப்பு பாதியில் நின்றது.

அதோடு விட்டதா? 1986இல் அமெரிக்கத் தேசியப் பெண்கள் அணியும் சேர்ந்துகொண்டது. 1988 வரை மூன்று அணிக்கும் ஒரே கோச்! இன்றைக்கு ஒரே அணிக்குத் துணைக் கோச், கோல்கீப்பிங் கோச், உடற்தகுதி நிபுணர் என்று ஒரு பட்டாளமே சுற்றி நிற்பதைப் பார்த்தால் இது கட்டுக்கதை போலத்தான் இருக்கும்.

பெண்கள் அணி தொடங்கியாயிற்று, ஆடுவது யாரோடு? கல்வியில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டத்துக்குப் பிறகே கல்லூரிகள் பெண்களுக்கு அணி அமைக்கத் தொடங்கின. கால்பந்தில் அது இன்னும் மெதுவாகத்தான் நடந்தது. தேசியப் போட்டி என்ற ஒன்றே கிடையாது! போட்டி நடத்தச் சொல்லி வற்புறுத்தியவர்களில் டோரன்ஸும் ஒருவர். 1981இல் சேப்பல் ஹில்லிலேயே முதல் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் மத்திய புளோரிடாவை 1-0 என்று வென்றது அவருடைய அணி. அதாவது, போட்டியைக் கேட்டு வாங்கி, சொந்த மைதானத்தில் நடத்தி, கோப்பையையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்!

அடுத்த ஆண்டே என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு போட்டியைத் தன் கையில் எடுத்தது. 1982 முதல் 1994 வரை 13 போட்டிகள். அவற்றில் வட கரோலினா வென்றது எத்தனை தெரியுமா? 12! தவறவிட்டது 1985 ஒன்றுதான். ஜார்ஜ் மேசன் தட்டிச் சென்றது. அதன் பின் 1986 முதல் 1994 வரை வரிசையாக 9 பட்டங்கள். 1986இலிருந்து 1990 வரை 103 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. அந்தத் தொடரை கனெக்டிகட் முறித்தது. சரி, இறங்குமுகம் என்று நினைத்தால், அங்கிருந்து தொடர்ந்து 92 வெற்றி! டிரா கூடக் கிடையாது, எல்லாமே வெற்றி! 1994இல் நாட்ரடாம் கோல் விடாமல் 0-0 என்று நிறுத்தியபோதுதான் அது முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அந்த நாளில் எதிரணிகள் குறைவு. 1982 போட்டியில் மொத்தமே 12 அணிகள், இப்போது 64. களம் நிரம்ப நிரம்பப் பட்டங்களுக்கு இடையே இடைவெளி விழுந்தது. 2012க்குப் பிறகு அவருக்குப் பட்டமே இல்லை. ஆகவே எனக்கு மலைப்பு அந்த எண்ணிக்கையில் இல்லை. அவர் பயிற்சி கொடுத்த விதத்தில்தான்.

பயிற்சியில் பந்தைத் தொட்டாலே மார்க் என்பது தெரியுமா? ஒற்றைக்கு ஒற்றை மோதலில் யார் வென்றது, ஓட்டத்தில் யார் முந்தியது, தலையால் முட்டியதில் யார் பந்தை வென்றது என்று மேனேஜர்கள் ஒன்று விடாமல் குறிப்பார்கள். பிறகு முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை பெயரோடு பட்டியல் ஒட்டப்படும்! இதற்கு 'போட்டிக் கொப்பரை' என்று பொருள்படும் பெயர். யோசனை அவருடையதல்ல, அதே வளாகத்தில் ஆண்கள் கூடைப்பந்துக்குக் கோச்சாக இருந்த டீன் ஸ்மித்தின் பயிற்சியைப் பார்த்து எடுத்துக்கொண்டது. தோழியை மைதானத்தில் முழு மூச்சோடு எதிர்க்கப் பெண்கள் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை என்று கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது டோரன்ஸின் வாதம். கடைசி இடத்தில் தன் பெயரைப் பார்க்கும் பதினெட்டு வயதுப் பெண்ணை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆனால் அதே மனிதர், சீசனின் முக்கிய ஆட்டத்துக்கு முன்னால் என்ன செய்வார் தெரியுமா? கடைசி ஆண்டு படிக்கும் ஒவ்வொரு வீராங்கனைக்கும் உட்கார்ந்து கடிதம் எழுதுவார்! அடித்த கோல் பற்றியல்ல, அவள் எப்படிப்பட்ட மனுஷி என்பதைப் பற்றி. இலக்கியம் படித்தது வீண்போகவில்லை. அணியின் ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு மேற்கோள் உண்டு; எல்லோரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பெர்னார்ட் ஷா கூட அதில் வருவார்!

புகழ்பெற்ற வீராங்கனை மியா ஹாமை டோரன்ஸ் கண்டெடுத்தது அவளுடைய 14 வயதில். 15 வயதில், 1987இல், தேசிய அணியிலேயே இறக்கிவிட்டார்! பல்கலைக்கழகத்துக்காக அவள் ஆடிய 95 ஆட்டங்களில் தோல்வி ஒன்றே ஒன்று. ஒருநாள் காலை காரில் போகும்போது, யாரும் இல்லாத மைதானத்தில் அவள் தனியாக ஓடி, மூச்சு வாங்கக் குனிந்து நிற்பதைப் பார்த்தார் டோரன்ஸ். நிறுத்தாமல் போய், அதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதி அவளுக்கு அனுப்பினார். அமெரிக்கப் பள்ளிகளின் உடற்பயிற்சிக் கூடங்களில் அந்தக் குறிப்பின் வரி இன்றும் சுவரில் தொங்குகிறது.

1991இல் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை. ஆட்டம் 90 நிமிடம் அல்ல, 80 நிமிடம்தான் என்பது தெரியுமா! குவாங்சோவில் நடந்த இறுதியில் நார்வேயை 2-1 என்று வென்றது டோரன்ஸின் அமெரிக்க அணி. இரண்டு கோலும் மிஷேல் ஏக்கர்ஸ் அடித்தவை. அணியில் பாதிப் பேர் சேப்பல் ஹில்லில் ஆடியவர்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டீன் லில்லி பின்னாளில் 354 சர்வதேச ஆட்டங்கள் ஆடி உலகச் சாதனை படைத்தார்.

இன்னும் இருக்கிறது! 1989இல் நெதர்லாந்திலிருந்து சேப்பல் ஹில்லுக்கு வந்து ஒரு சீசன் ஆடிவிட்டுப் போன பெண் யார் தெரியுமா? சரீனா வீக்மன்! 2017இல் நெதர்லாந்துக்கும், 2022இலும் 2025இலும் இங்கிலாந்துக்கும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே கோச்! 2022 இங்கிலாந்து அணியில் லூசி பிரான்ஸ், அலெஸ்ஸியா ரூஸோ, லோட்டே வூபன்-மோய் மூவரும் டோரன்ஸிடம் ஆடியவர்கள். 1995 கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் சேம்சைட் கோல் போட்டு நாட்ரடாமிடம் அணியைத் தோற்கவைத்த முதலாண்டு மாணவி சிண்டி பார்லோ என்ன ஆனார்? 2020இல் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர்! ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சம்பளம் என்ற 2022 ஒப்பந்தம் அவர் காலத்தில்தான் கையெழுத்தானது.

எல்லாமே பூமாலை இல்லை. 1998இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர், டோரன்ஸ் தங்கள் அந்தரங்க வாழ்க்கை பற்றி அத்துமீறிப் பேசினார், அது பாலியல் துன்புறுத்தல் என்று வழக்குத் தொடுத்தார்கள். துன்புறுத்தலை அவர் மறுத்தார். ஒரு வழக்கு 2004இல் சமரசமானது. மற்றது 2008இல் முடிந்தபோது பல்கலைக்கழகம் 3,85,000 டாலர் கொடுத்தது. அந்த மாதிரிப் பேச்சில் தான் கலந்துகொண்டது தகாதது என்று டோரன்ஸ் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். வீராங்கனைகளுக்கு மிக நெருக்கமாக இருப்பதைத் தன் பலமாகச் சொல்லிக்கொண்ட கோச்சுக்கு அந்த நெருக்கத்தின் எல்லை தெரியாமல் போனது. பட்டங்களின் எண்ணிக்கை அதை மறைத்துவிட முடியாது.

2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, 73 வயதில் ஓய்வை அறிவித்தார். துணைக் கோச் டேமன் நாஹாஸ் இடைக்காலப் பொறுப்பேற்றார். அந்த டிசம்பரில் கேரி நகரில் நடந்த இறுதியில் வேக் ஃபாரஸ்ட்டை 1-0 என்று வென்று, 12 ஆண்டு இடைவெளிக்குப் பின் பட்டம் வட கரோலினாவுக்கே வந்தது! டோரன்ஸின் கணக்கு 22இலேயே நிற்க, பல்கலைக்கழகத்தின் கணக்கு 23 ஆனது. 'இடைக்கால' என்ற ஒட்டை எடுத்துவிட்டு வேலையை நாஹாஸுக்கே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.