மான் வேட்டைக்கேற்ற ரைபிள்

இந்தியாவில் மானை வேட்டையாடுவது, 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும். ஸ்காட்லாந்தின் நிலைமை வேறு. மானைக் கொன்று தின்னும் ஓநாய் அங்கு அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. தடையின்றிப் பெருகும் மான்கள் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால், காடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள இயலுவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு மான்களைச் சுட்டுக் குறைப்பது அங்கு வனப் பராமரிப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. காஷ்மீரத்து ஹங்குலுக்கு நெருங்கிய உறவான செம்மானும், உருவில் சிறிய ரோ மானும் இவ்வாறு சுடப்படுவனவற்றுள் முக்கியமானவை. இப்பணிக்கு எத்தகைய ரைபிள் ஏற்றது என்ற வினாவுக்குப் பௌதிகம் பெருமளவு விடை கூறுகிறது. அவ்விடையில் பிழை நேருமாயின் துன்புறுவது விலங்கு. காயமுற்ற மான் புதருள் ஓடி மறைந்து, சில வேளைகளில் பல நாட்கள் வதைபட்டு மடியும்.

நம் வனப் பணியாளர்கள் கள்ளவேட்டைக்காரரிடம் கைப்பற்றும் நாட்டுத் துப்பாக்கியின் குழல் பெரும்பாலும் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். அதிலிருந்து வெளிப்படும் குண்டு எத்திசையிலும் உருண்டு புரளலாம். சிறிது தொலைவிலேயே குறி தவறும். ரைபிளின் குழலிலோ திருகாணியின் மரைபோன்ற பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் அப்பள்ளங்கள் அமைந்திருந்து, குண்டு வினாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் வெளியேறுமாயின், அது வினாடிக்கு 2,800 தடவைக்கு மேல் தன்னைத்தானே சுற்றுகிறது. சுழலும் பம்பரம் சாயாதிருப்பதுபோல் சுழலும் குண்டும் முனை முன்னோக்கியவாறே செல்கிறது.

அடுத்தது சக்தி. ஸ்காட்லாந்தில் 1985 இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை, எல்லா வகை மான்களுக்கும் பொருந்தும் தோட்டாவுக்கு மூன்று நிபந்தனைகளை ஒருங்கே விதித்தது. குண்டின் எடை 100 கிரெயினுக்கு, அதாவது சுமார் 6.5 கிராமுக்குக் குறையலாகாது. குழல்வாயில் வேகம் வினாடிக்கு 2,450 அடிக்கு, அதாவது சுமார் 747 மீட்டருக்குக் குறையலாகாது. சக்தி 1,750 அடி-பவுண்டுக்கு, அதாவது சுமார் 2,370 ஜூலுக்குக் குறையலாகாது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் நல்லதொரு கணக்காகக் கொடுக்கலாம். எடையும் வேகமும் மிகக் குறைந்த அளவிலேயே இருக்குமாயின் கிடைக்கும் சக்தி 1,810 ஜூல் அளவே. எனவே இரண்டில் ஒன்றையேனும் உயர்த்தியாக வேண்டும். 1955 இல் வெளிவந்த .243 வின்செஸ்டர் தோட்டா, 6.5 கிராம் குண்டை வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் செலுத்தி, சுமார் 2,600 ஜூல் தந்து இத்தேர்வில் தேறுகிறது. 1952 இல் வந்த .308 வின்செஸ்டர் 9.7 கிராம் குண்டுடன் சுமார் 3,600 ஜூல் தருகிறது.

அவ்வாறாயின் சக்தி மிக்கதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்குதான் பலர் இடறுகின்றனர். குண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. ஒரே எடையுள்ள ரைபிள்களில் .243 இன் உதைப்புச் சக்தி, .308 இன் உதைப்பில் பாதியைவிடச் சிறிதே அதிகம். தோளில் விழும் அடிக்கு அஞ்சிப் பழகியவர், வெடி கிளம்புமுன்னரே கண்ணை மூடித் தோளைச் சுருக்குவார். அக்கணத்தில் குழல் அசைகிறது. எவ்வளவு விலையுயர்ந்த துப்பாக்கியும் இவ்வசைவைத் திருத்தாது.

துல்லியம் பற்றிய விளம்பரங்களையும் இவ்வாறே எடைபோட வேண்டும். கோணத்தில் ஒரு கலை அளவு பிசகும் ரைபிள், 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டரும் 200 மீட்டரில் 5.8 சென்டிமீட்டரும் சிதறும். செம்மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம். ஆகவே இயந்திரத்தின் பிசகு அற்பமே. நின்றவாறு சுடுபவரின் மூச்சும் நாடித்துடிப்பும் விளைவிக்கும் பிசகோ இதனைப்போல் பல மடங்கு. ஸ்காட்லாந்து வேட்டையர் மண்ணில் படுத்து, தோள்மூட்டையின்மீது துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுவது இதன்பொருட்டே. நார்வே நாட்டில் பெரிய விலங்குகளை வேட்டையாடுவோர் ஆண்டுதோறும் ஒரு தேர்வில் தேற வேண்டும்: 100 மீட்டரில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துள் ஐந்து குண்டுகளும் விழ வேண்டும். சோதிக்கப்படுவது துப்பாக்கியன்று.

புவியீர்ப்பும் மறக்கற்பாலதன்று. .308 இன் குண்டு 200 மீட்டர் செல்லச் சுமார் கால் வினாடி ஆகிறது. அதற்குள் கையிலிருந்து நழுவிய கல்லைப்போல் சுமார் 31 சென்டிமீட்டர் விழுந்துவிடும். எனவே குழல் சற்றே மேல்நோக்கியிருக்குமாறு தொலைநோக்கி பொருத்தப்படுகிறது. 150 மீட்டருக்குச் சரிசெய்த ரைபிளில், 200 மீட்டர் வரை ஏற்றத்தாழ்வு 10 சென்டிமீட்டருக்கு உட்பட்டதே. 300 மீட்டரிலோ குண்டு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். பக்கக்காற்றின் விளைவு வேறு. தவழ்ந்து சென்று நூறு மீட்டர் நெருங்குவது எந்தப் பெரிய தோட்டாவையும்விட மேலானது.

மழையும் மூடுபனியும் நிறைந்த மலைகளில் மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சிப் பருத்துக் குழலை நெருக்கும். நேற்றுச் சரியாயிருந்த குறி இன்று விலகும். ஆதலால் செயற்கைப் பொருளாலான கட்டையும் துருவேறா எஃகுக் குழலும் அழகில் குறைந்தவையாயினும் பலரால் விரும்பப்படுகின்றன. தொலைநோக்கியில் நான்கு அல்லது ஆறு மடங்கு உருப்பெருக்கமே தாராளம்.

அண்மையில் இத்தேர்வில் ஒரு புதிய சிக்கல் புகுந்துள்ளது. ஈயக் குண்டு உடலுள் நொறுங்கி நுண்துகள்களாகச் சிதறுகிறது. வேட்டையர் மலையிலேயே விட்டுச்செல்லும் மான்குடலை உண்ணும் கழுகு முதலிய பறவைகளுக்கு அத்துகள்கள் நஞ்சாகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முற்றிலும் தடை செய்யப்பட்டது. பதிலாக வந்தது செம்பு. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9.0, எனவே அதே பரிமாணமுள்ள செம்புக் குண்டின் எடை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. ஸ்காட்லாந்து அரசு 2023 இல் 100 கிரெயின் வரம்பை 80 ஆகக் குறைத்தபோது, ஈயமற்ற குண்டுகளுக்கு வழி திறந்தது. எடையைக் குறைக்காமல் செம்புக்கு மாற விரும்புபவர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அக்குண்டு நீளமாயிருக்கும், நீண்ட குண்டு சாயாதிருக்க விரைந்த சுழற்சி தேவை, பழைய குழல்கள் சிலவற்றின் பள்ளங்கள் அதற்குப் போதா. எவ்வாறாயினும் புதிய தோட்டா பழைய குறியில் விழாது. மலையேறுமுன் 100 மீட்டரில் காகிதக் குறியைச் சுட்டுப் பார்த்துத் தொலைநோக்கியை மீண்டும் சரிசெய்துகொள்ள வேண்டும்.