மருதமுனைச் சாரமும் ஊர் வட்ஸ்அப் குழுமமும்

கல்முனைக் கரையோரத்தில் ஜனாஸா அறிவித்தல், மின்வெட்டு நேரம், தொலைந்துபோன அடையாள அட்டை எல்லாம் இன்று ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் உடனுக்குடன் வந்து விழுகின்றன. மருதமுனையில் நெய்த சாரமும், சாய்ந்தமருதில் தைத்த அபாயாவும், நிந்தவூரில் வீட்டில் செய்த பலகாரமும் விலைக்கு வருவதும் அதே இடத்தில்தான். கடை வாடகைக்கு வழியில்லாத ஒருவருக்கு இது பெரிய வாசல். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

மருதமுனையை எடுத்துக்கொண்டால் இதன் பெறுமதி விளங்கும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உள்ளூர்க் கைத்தறித் துணிக்கு நல்ல கேள்வி இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இயந்திரத்தில் நெய்த மலிவுத் துணி வந்து குவிந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையையே புரட்டிப்போட்டது. இவ்வளவுக்குப் பின்னும் அங்கே தறி ஓடுகிறது. ஆனால் சிறு நெசவாளிக்கு விற்கும் வழி குறைவு. வியாபாரி சொன்ன விலைக்குத் துணியைக் கொடுத்துவிட்டு அடுத்த பாவுக்கு நூல் தேட வேண்டும்.

ஊர்க் குழுமத்தில் அவரே நேரே விற்கலாம். கட்டாரில் வேலை செய்யும் மகன் படத்தைப் பார்த்து, “பெருநாளைக்கு வாப்பாவுக்கு ஒரு சாரம்” என்று எழுதி வங்கிக் கணக்கில் காசைப் போட்டால், அன்றைக்கே சாரம் வீட்டுக்குப் போய்விடும். நடுவில் யாரும் இல்லை.

காசு கட்டிப் போடும் பேஸ்புக் விளம்பரம் முன்பின் தெரியாதவரிடம் போகிறது. ஊர்க் குழுமத்தில் வாங்குகிறவருக்கு விற்கிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். குழுமத்தின் பலமே அதுதான். லுஹருக்கு விற்ற சாயம்போகும் சாரம் அஸருக்குள் ஊர்ப் பேச்சாகிவிடும் என்பதால், ஏமாற்ற நினைப்பவருக்கு அங்கே இடமில்லை. அந்த அறிமுகத்தை மதிக்கிறவருக்கே வியாபாரம் தொடர்ந்து நடக்கிறது.

மதிப்பது என்றால், முதலில் விலையை வெளியே எழுதுவது. “விலைக்கு இன்பொக்ஸ் வாங்க” என்ற வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது; அது கெட்ட வழக்கம் என்றே சொல்வேன். ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வருகிறது. தெரியாத நம்பருக்கு எழுதத் தயங்கும் பெண்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். சாரம் என்றால் நீளம், அகலம், பருத்தியா கலப்பு நூலா, முதல் கழுவலில் சாயம் விடுமா என்பதையும் விலையோடு சேர்த்து எழுதினால் பாதிக் கேள்விகள் குறையும்.

அட்மின் காக்காவிடம் கேட்டுவிட்டுப் போடுவது அடுத்தது. சில குழுமங்களில் அட்மின் மட்டுமே எழுதலாம். சிலவற்றில் விளம்பரத்துக்குத் தனி நாள் உண்டு. ஜனாஸா அறிவித்தலுக்குக் கீழே ஐந்து படம் போடுகிறவரை ஊர் மறக்காது. அடக்கும் நேரத்தைத் தேடுகிறவர் அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளித்தான் அறிவித்தலுக்குப் போகிறார்.

படத்திலேயே திகதியையும் விலையையும் பொறித்துவிடுங்கள். கை மாறிக் கை மாறிப் போன படம் அடுத்த நோன்புக்கும் சுற்றும். பழைய விலைக்குக் கேட்டு வருவார்கள். ஒரு குழுமத்தில் 1024 பேர் வரை இருக்கலாம், அத்தனை பேருக்கும் உங்கள் நம்பர் தெரியும். வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் தனி சிம் ஒன்றில் வட்ஸ்அப் பிஸ்னஸ் வைத்துக்கொள்வது நல்லது. அதில் பொருட்களையும் விலையையும் அடுக்கி வைக்க வசதி உண்டு, செலவு கிடையாது.

சரக்கைக் கொண்டுபோகும் குழுமமே வதந்தியையும் கொண்டுபோகும். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த மாவுக் கட்டியைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரை வற்புறுத்தி எடுத்த வீடியோ பேஸ்புக்கில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வு அறிக்கை சொன்னபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அந்தக் காலத்து வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. இதை அனுபவித்த சமூகம் நாம். பக்கத்துக் கடையின் பிரியாணியில் புழு என்று ஒரு படம் வந்தால், அதை அடுத்த குழுமத்துக்குத் தள்ளுமுன் அந்தக் கடைக்காரருக்கு ஒரு கோல் எடுங்கள். முறைப்பாடு உண்மை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார்; நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது.

அம்பாறையைத் தொடர்ந்து திகனையில் கலவரம் வெடித்தபோது, 2018 மார்ச் 7இல் அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. ஏறக்குறைய ஒரு வாரம் அவை திறக்கவில்லை. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் மறுபடி முடக்கம் வந்தது. ஆகவே வாங்குகிறவரின் பெயர், நம்பர், எந்த அளவு, என்ன நிறம் என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வட்ஸ்அப் நின்றாலும் சாதாரணக் கோல் போகும். பெருநாள் ஓடர் கையில் இருக்கும்போது அந்தக் கொப்பிதான் உதவும்.