சாலை மாறினால் சரக்கும் மாறும்

கடையை நாம் நடத்துகிறோம். ஆனால் கடைக்கு ஆளைக் கொண்டுவருவது சாலை. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், சதர்க் பகுதியில் உள்ள 'ஜார்ஜ்' என்னும் பழைய விடுதியின் வரலாறு இதற்குச் சான்று.

இது நம் பக்கத்துத் தர்மசத்திரம் போன்றதல்ல. காசு வாங்கிக்கொண்டு சாப்பாடு, மது, படுக்கை, குதிரைக்குத் தீனி எல்லாம் கொடுத்த வியாபார ஸ்தலம்.

முற்காலத்தில் தெற்கிலிருந்து லண்டன் நகருக்குள் நுழையக் குறுகலான ஒரு பாலம்தான் இருந்தது. 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும் வரை இதே நிலைமை. கென்ட், சசெக்ஸ் பக்கமிருந்து வந்த பார வண்டிகளும் பயணிகளும் பாலத்துக்கு இப்பாலேயே தங்கினார்கள். அதனால் அந்த ஒரே தெருவில் விடுதிகள் வரிசையாக முளைத்தன. நடுவில் வண்டி நிற்க முற்றம். சுற்றிலும் மாடித் தாழ்வாரம் வைத்த அறைகள். இதுதான் அவற்றின் அமைப்பு.

1676இல் பெருந்தீ சதர்க்கில் பெரும் அழிவை ஏற்படுத்தியது. ஜார்ஜும் எரிந்தது. ஆனாலும் மறு ஆண்டே, 1677இல், அதே இடத்தில் மீண்டும் கட்டிவிட்டார்கள். சாலை இருந்தது, சரக்கு வந்தது, முதல் போட ஆளும் இருந்தது.

தீயால் முடியாததை ரயில் செய்தது. 1836இல் அருகிலேயே லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம் திறந்தது. மெல்ல மெல்லக் குதிரை வண்டிப் போக்குவரத்து நின்றது. கவிஞர் சாசரின் 'கான்டர்பரி கதைகள்' நூலில் இடம்பெற்றுப் புகழடைந்த பக்கத்து 'டபர்டு' விடுதி 1870களில் இடிக்கப்பட்டது. பெயரும் புகழும் அதைக் காப்பாற்றவில்லை.

ஜார்ஜ் விடுதி ஒரு ரயில்வே கம்பெனியின் கைக்குப் போனது. 1889இல் அந்தக் கம்பெனி கிடங்கு கட்டுவதற்காக விடுதியின் பெரும்பகுதியை இடித்தது. சரக்கு அதே முற்றத்துக்கு வந்தது. வருமானம்தான் வேறு கைக்குப் போயிற்று. தெற்குப் பக்கம் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை 1937இல் அப்போதைய ரயில்வே கம்பெனி, பழஞ்சின்னங்களைக் காக்கும் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்குக் கொடுத்தது. மாடித் தாழ்வாரத்தோடு லண்டனில் எஞ்சியுள்ள ஒரே பழைய வண்டி விடுதி இதுதான். இன்றும் அங்கே உணவும் பானமும் விற்பனையாகின்றன.

எரிந்த கடையை மறுபடி கட்டிவிடலாம். வழி மாறிப்போன வாடிக்கையைத் திருப்புவது எளிதல்ல. ஆகவே ஆண்டுக்கணக்கு முடிக்கும்போது, நம் கடைக்கு யார் வருகிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள், போன ஆண்டு வந்தவர் இப்போது எங்கே வாங்குகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.